அடிமாடு: எழுதப்படாத ஒரு பத்தி

காங்கேயம் மாடு என்று நாம் சொல்வது ஏதோ மண்ணிலிருந்து தானாக முளைத்த ஒன்றைப்போல ஒலிக்கிறது. உண்மையில் அது ஒரு தேர்வின் பெயர். இந்த இனத்தின் இன்றைய வடிவம் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தைக்குப் பெரிதும் கடன்பட்டது. கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமான கொறங்காடுகள் அக்குடும்பத்திடம் இருந்தன. எது பொலிகாளை, எதற்குக் காயடிப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரமும் இருந்தது. காயடித்த காளையின் திமிலிலும் தொடையிலும் உள்ள கருமை வெளுத்துவிடும். யாருடைய வித்து தொடரலாம் என்ற தீர்ப்பு தோலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. மரபணுவியல் படிக்காமலே செய்த மரபணுவியல் இது.

தேர்வு என்றால் கழிவும் உண்டு. கழிக்கப்பட்ட மாடு எங்கே போயிற்று என்பதை இனவிருத்தி வரலாறு சொல்வதில்லை. நமக்குத் தெரியும். பேச்சுவழக்கில் அதற்கு அடிமாடு என்று பெயர். செத்ததைத் தூக்கியவர்கள், தோலை உரித்துப் பதப்படுத்திக் கவலைச் சாலுக்குத் தோல்வால் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். கறி தின்றதற்காக அவர்களைத் தீண்டத்தகாதவர்களாக வைத்த தோட்டங்களுக்கு அந்தத் தோல்வால்தான் தண்ணீர் இறைத்தது.

1930களில் பைகாரா மின்சாரம் வந்தது. மெல்ல மெல்லப் பம்புசெட் கவலையை விழுங்கியது. பிறகு டிராக்டர் ஏரை விழுங்கியது. உழைப்புக்கென்றே உருவாக்கிய உடலுக்கு வேலை இல்லை. நாளைக்கு இரண்டு லிட்டர் போலக் கறக்கும் காங்கேயம் பசு அரசின் கணக்கில் 'குறைந்த உற்பத்தித்திறன்' ஆயிற்று. 1960களின் நடுவில் தீவிரக் கால்நடை அபிவிருத்தித் திட்டம், 1970இல் வெண்மைப் புரட்சி. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்குப் பிரீசியன் என்று பிரித்தார்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்த வித்து ஊருக்கு ஊர் வந்தது. ஊர்க்காரர்களுக்கு அது 'சினை ஊசி'. முதல் தலைமுறைக் கலப்பில் கிடைக்கும் வீரியம் கலப்புகளைத் தமக்குள்ளேயே சேர்க்கும்போது குறைந்துகொண்டே போகும் என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் அயல் இரத்தம் இத்தனை விழுக்காடு என்று வரம்பு வைத்தார்கள். தோட்டத்தில் யார் விழுக்காடு பார்த்தார்கள்?

ஆனால் என் கேள்வி பாலைப் பற்றியதல்ல. ஊசி போட்டால் பாதிக்குப் பாதி காளைக்கன்றுதான் பிறக்கும். திமில் சரியாக எழாத கழுத்தில் நுகம் நிற்காது, வெயிலும் தாங்காது. 1980களில் எங்கள் வீட்டு ஜெர்சிக் கலப்பு அப்படி ஒன்றைப் போட்டது. "காளைக்கன்னாப் போச்சுங்க" என்றார் பால்காரர், துக்கம் சொல்வதுபோல. இருபது நாளில் ஒரு தரகர் வந்தார். துண்டுக்குள் அப்பாருவின் விரலைப் பிடித்து விலை பேசினார். எங்கே கொண்டு போவார் என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கப்படாது கண்ணு." பொள்ளாச்சிச் சந்தை, அங்கிருந்து கேரளத்துக்கு லாரி. எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்கக்கூடாது என்பதுதான் எங்கள் சாதி எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் மௌனம்.

இந்த மௌனத்துக்குச் சட்டப் பிரதியும் உண்டு. அரசியலமைப்பின் 48ஆவது பிரிவு கால்நடை வளர்ப்பை விஞ்ஞான முறையில் அமை, இனங்களை மேம்படுத்து, பசுவையும் கன்றையும் கறவை, இழுவை மாடுகளையும் கொல்வதைத் தடை செய் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. கழிக்காமல் மேம்பாடு இல்லை. கழித்ததைக் கொல்லவும் கூடாது. 1948 நவம்பரில் தாக்கூர் தாஸ் பார்கவா இதைக் கொண்டுவந்தபோது பொருளாதாரக் காரணங்களை அடுக்கினார். மதம்தான் காரணமென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் என்று இசட்.எச். லாரி கேட்டார். சொல்லவில்லை. தமிழகத்தின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வயது கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டையும், காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ அவற்றுக்கு நிரந்தரமாக உதவாமல் போன மாட்டையுமே அறுக்க அனுமதிக்கிறது. இருபது நாள் கன்று இதில் எங்கே நிற்கும்? லாரியில்தான்.

பழைய சென்னை மாகாணத்து ஓங்கோல் மாடு கடல் கடந்து பிரேசிலில் 'நெலோர்' ஆயிற்று. கடைசிப் பெரிய இறக்குமதி 1960-62இல். நெல்லூர் என்ற ஊர்ப்பெயர்தான் அது. அங்கே எடை, வளர்ச்சி, கறியின் தன்மை எல்லாவற்றையும் அளந்து வெளிப்படையாகத் தேர்வு செய்கிறார்கள். இருபது கோடிக்கு மேற்பட்ட மந்தையில் பெரும்பான்மை நெலோரும் அதன் கலப்பும்தான். பிரேசிலைக் கொண்டாட வரவில்லை. அந்த மேய்ச்சலுக்காக அழிந்த காடுகளின் கதை வேறு. சொல்ல வந்தது இதுதான்: ஒரே மாகாணத்து மாடு, ஒரு கரையில் கறிக்கான விஞ்ஞானம் ஆயிற்று, இன்னொரு கரையில் வாய்திறக்கக் கூடாத வியாபாரம் ஆயிற்று. அந்த வியாபாரத்தில் தரகனும் லாரிக்காரனும் தோல்காரனும் மட்டுமே குற்றவாளிகள். விற்றவன் விவசாயி.

2017 ஜனவரியில் நாட்டு மாடு தமிழர் அடையாளமாகத் தெருவுக்கு வந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். காங்கேயத்தின் படங்கள் எங்கும் இருந்தன. அதன் தோலைப் பதப்படுத்தியவர்களின் படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அதே ஆண்டு மே மாதம் சந்தையில் அறுப்புக்காக மாடு விற்பதைத் தடுத்து மத்திய அரசு விதி போட்டபோது, ஜனவரிக் கூட்டத்தில் பாதிகூடக் கூடவில்லை.

இப்போது விஞ்ஞானம் வேறொரு தீர்வு கண்டிருக்கிறது: பாலினம் பிரித்த வித்து. தொண்ணூறு விழுக்காடு அளவுக்குக் கிடாரிக்கன்றுகளே பிறக்கும். ராஷ்டிரிய கோகுல் திட்டத்தில் மானியமும் உண்டு. அடிமாட்டைப் பற்றிப் பேசுவதைவிடக் காளைக்கன்று பிறக்காமலே செய்துவிடுவது எளிதாகப் போயிற்று. போன மாதம் எங்கள் ஊருக்கு அந்த ஊசி வந்தது. மிச்சப் பத்து விழுக்காட்டை என்ன செய்வீர்கள் என்று ஊசி போட வந்த தம்பியிடம் கேட்டேன். அவன் சிரித்தான். பக்கத்தில் நின்ற தோட்டத்துக்காரர் பேச்சை மாற்றினார்.