மீனுக்கு இரண்டு விலை

விக்டோரியா ஏரி ஆப்பிரிக்காவிலேயே பெரிய ஏரி. அதன் கென்யக் கரையில் மீன் வாங்கி விற்றுப் பிழைக்கும் ஏழைப் பெண்கள் பலர் மீனுக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்று பணம், இன்னொன்று உடல். அங்கு வாழும் லுவோ மக்கள் இந்த ஏற்பாட்டை 'ஜபோயா' என்கிறார்கள்.

இது ஏதோ ஆதிகாலத்துப் பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். இதன் வரலாறு சமீபத்தியது.

1950-களில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், நைல் பெர்ச் என்ற பெரிய மீன் இந்த ஏரியில் விடப்பட்டது. அது உள்ளூர் மீன்களைத் தின்று 1980-களில் ஏராளமாகப் பெருகியது. கரையில் ஆலைகள் வந்தன, மீன் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. ஆனால் படகும் வலையும் வாங்க முதல் வைத்திருந்தவர்கள் ஆண்கள். பெண்கள் மீன்பிடிக்கப் படகில் ஏறக்கூடாது என்ற பழைய நம்பிக்கையும் இருந்தது. பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது, ஒமேனா என்ற பொடிமீனைக் கரையில் வாங்கி, வெயிலில் காயவைத்துச் சந்தையில் விற்கும் வேலைதான்.

பிறகு மீன் வரத்து குறைந்தது. வாங்க வருவோர் குறையவில்லை. சரக்கு குறைந்து கிராக்கி கூடினால் விலை ஏறும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். கையில் முதல் இல்லாத இளம்பெண்களிடமும் விதவைகளிடமும் அந்த ஏற்றம் வேறு விதமாக வசூலிக்கப்பட்டது. உடலைக் கொடுத்ததால் மீன் இலவசமாகக் கிடைக்கவில்லை. பணமும் கட்ட வேண்டும். மீனை வாங்கும் உரிமைக்குத்தான் உடல்!

இதற்கிடையே 1982-ல், இதே ஏரியின் உகாண்டா கரையில் உள்ள கசென்செரோ என்ற மீனவ ஊரில் மக்கள் மெலிந்து இறக்கத் தொடங்கினர். அது எய்ட்ஸ் என்று பின்னர் தெரிந்தது. மீனுக்காகக் காத்து நிற்கும் பெண் ஆணுறையை வற்புறுத்த முடியுமா? வற்புறுத்தினால் மீன் அடுத்தவளுக்குப் போய்விடும். 2018-ல் கென்ய அரசு நடத்திய ஆய்வில் நாடு முழுவதும் எச்.ஐ.வி தொற்று 4.9 சதவீதம், ஏரிக்கரை மாவட்டமான ஹோமா பேயில் 19.6 சதவீதம். ஜபோயா மட்டுமே இதற்குக் காரணம் அல்ல, ஆனால் காரணங்களில் ஒன்று.

2011-ல் கிசுமு பகுதியின் ண்டுரு என்ற கரையில் பெண்கள் சிலர் ஒன்றுகூடி, 'மீனுக்காக உடலுறவு இல்லை' என்று அறிவித்தனர். வெளியார் உதவியோடு சொந்தப் படகுகள் வாங்கினர். படகு பெண்ணுடையது, கூலிக்கு மீன்பிடிப்பவர்கள் ஆண்கள். கணக்கு தலைகீழானது. வந்த மீனை முதலில் எடுத்துக்கொள்பவள் படகுக்காரி. ஆனால் படகுகள் பழுதாயின. 2020-ல் ஏரி பெருகி ஊரையே மூழ்கடித்தது. பெண்கள் வீடிழந்து இடம்பெயர்ந்தனர்.

பல ஆண்டுகளாக இந்தப் பெண்களுக்கு ஒழுக்கமும் விழிப்புணர்வும் போதிக்கப்பட்டன. நோய் எப்படிப் பரவுகிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவர்களிடம் இல்லாதது படகு. அது கையில் இருந்த சில ஆண்டுகள் அவர்களால் 'முடியாது' என்று சொல்ல முடிந்தது.