யந்திரம் வழங்கிய தீர்ப்பு

முஷ்டியுத்த வரலாறு – 17

ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல், அவற்றுள் 43-ஐ நாக் அவுட்டிலேயே முடித்த கீர்த்தியோடு, 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மேடையை விட்டு விலகியதைச் சென்ற வாரம் கண்டோம். அவர் விலகிய எட்டு ஆண்டுகளுக்குள் அதே ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றிய முகம்மது அலி, 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியை வீழ்த்தியபோது, 29 போட்டிகளிலும் வென்றவராக நின்றார். தோல்வியின் முகத்தையே அறியாத இவ்விருவரும் தத்தம் உச்ச நிலையில் எதிரெதிரே நின்றிருந்தால் ஜயம் யாருக்கு என்ற வினா, அன்றுமுதல் இன்றுவரை ஓயாத விவாதமாகிவிட்டது.

இந்த விவாதத்துக்கு யந்திரத்தைக் கொண்டே முடிவு காணத் துணிந்தவர், மயாமி நகரத்து வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனர். பல சகாப்தங்களைச் சேர்ந்த 16 சாம்பியன்களின் பலத்தையும் பலவீனத்தையும் எண்களாக்கிக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்து, அது கணித்த கற்பனைப் போட்டிகளை 1967-இல் அவர் ஒலிபரப்பினார். அதில், அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்ட ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக அறிவிக்கப்பட்டது. வியட்நாம் யுத்தத்துக்காகப் படையில் சேர மறுத்ததன் பொருட்டுப் பட்டத்தையும் தொழில் உரிமையையும் பறிகொடுத்திருந்த அலி, தம் பெயருக்குக் களங்கம் ஏற்பட்டதென்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கு சமரசமாக முடிந்ததன் விளைவாகவே, அலியும் மார்சியானோவும் ஒரே மேடையில் ஏறிப் படக்கருவியின் முன் மோதும் அதிசயம் 1969-இல் மயாமியில் நிகழ்ந்தது.

மேடையை விட்டுப் பதின்மூன்று ஆண்டுகளான மார்சியானோ, நாற்பத்தைந்தாம் வயதில் உடல் பருமனைக் கடுமையாகக் குறைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி தரித்து வந்தார். ஒரு நிமிஷச் சுற்றுகளாகச் சுமார் 70 சுற்றுகள் படமாக்கப்பட்டன; முடிவுகளும் பலவிதமாக எடுக்கப்பட்டமையால், வெற்றி யாருடையது என்பதை நடித்த இருவருமே அறியார். அதை அறியாமலே, அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி, தமது நாற்பத்தாறாம் பிறந்தநாளுக்கு முந்தின இரவில், மார்சியானோ அயோவா மாநிலத்தில் விமான விபத்தில் மாண்டார். 1970 ஜனவரி 20-ஆம் தேதி கொட்டகைகளில் காட்டப்பட்ட படத்தில், அவர் பதின்மூன்றாம் சுற்றில் அலியை நாக் அவுட் செய்தார். 1952-இல், புள்ளிக்கணக்கில் பின்தங்கியிருந்த மார்சியானோ ஜெர்ஸி ஜோ வால்காட்டை ஒரே வலக்கைக் குத்தில் சாய்த்துப் பட்டம் வென்றதும் பதின்மூன்றாம் சுற்றில்தான். நடந்ததை ஊட்டப்பெற்ற யந்திரம், நடந்ததையே திருப்பிச் சொல்லிற்றோ என்று ஐயுறத் தோன்றுகிறது. ஐரோப்பாவில் சில இடங்களில் அலி வெல்வதாகவே வேறொரு முடிவு காட்டப்பட்டதென்றால், அந்தத் தீர்ப்பின் உறுதியை என்னென்பது!

எண்களை ஒதுக்கி மனிதர்களைப் பார்ப்போமானால், இருவருக்கும் பொதுவான அளவுகோலாக ஆர்ச்சி மூர் நிற்கிறார். 1955-இல் அவர் இரண்டாம் சுற்றிலேயே மார்சியானோவைக் கீழே தள்ளி, ஒன்பதாம் சுற்றில் தாமே வீழ்ந்தார். 1962-இல் அலியோ அவரை நான்கே சுற்றுகளில் முடித்தார். ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் மூர் மூத்துத் தளர்ந்துவிட்டமையால், அளவுகோலே சுருங்கிவிட்டதென்று கொள்ள வேண்டும்.

உடற்கூற்றை நோக்கினால், அலியின் கைநீளம் 78 அங்குலம், மார்சியானோவினுடையது 68. எடையிலும் அலியே இருபத்தைந்து பவுண்டு கூடுதல். அந்தப் பத்து அங்குலத்தைக் கடந்து உட்புகுவதற்குள் மார்சியானோ எத்தனை இடக்கைக் குத்துகளை முகத்தில் ஏற்றிருக்க வேண்டும்! அவருடைய சருமமோ எளிதில் கிழிபடுவது. 1954-இல் எஸார்ட் சார்ல்ஸுடன் நிகழ்ந்த இரண்டாம் போட்டியில் மூக்குப் பிளந்து குருதி பெருக, போட்டி நிறுத்தப்படலாம் என்ற நிலையில், எட்டாம் சுற்றில் எதிரியை வீழ்த்தியே தம்மைக் காத்துக்கொண்டார். அலியும் அசைக்கவொண்ணாதவர் அல்லர்; 1963-இல் ஹென்றி கூப்பரின் இடக்கைக் கொக்கிக்குத்து ஒன்று அவரைக் கயிற்றோரம் உட்கார்த்தி வைத்தது. இவ்வளவையும் சீர்தூக்கியபின், 1967-ஆம் ஆண்டு அலியே வெல்வார் என்பது என் துணிபு.

ஆயினும் அனுமானம் பிரத்தியட்சம் ஆகாது. வால்மீகியையும் கம்பனையும் அருகருகே வைத்துச் சீர்தூக்க அவர்களுடைய காவியங்கள் நம் கையில் இருக்கின்றன. மல்லனின் ஆற்றலோ எதிரியின் முன்னிலையில்தான் பிறக்கிறது, அவன் விலகினால் அதுவும் மறைகிறது. மார்சியானோவைப் போலவே குனிந்து நெருங்கிப் போரிடும் ஜோ ஃப்ரேஸியர் 1971-இல் அலியை வென்றார். 1974-இலும் 1975-இலும் அலி அவரை வென்றார். ஒரே காலத்தில் வாழ்ந்த இருவருக்குள்ளேயே மூன்று போட்டிகள் வேண்டியிருந்தன என்றால், ஒரு முறையேனும் மெய்யாக மோதாத இருவருக்கு இடையே இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் எந்த யந்திரத்துக்கும் இல்லை. என் துணிபுக்கும் இல்லை. அலி ஃப்ரேஸியரிடம் முதன்முதலாகத் தோல்வி கண்ட அந்த மார்ச் 8-ஆம் தேதி இரவை அடுத்த வாரம் விரிவாகக் காண்போம்.

(தொடரும்)