ஏரியான் 501 விபத்தும் பாவனைச் சோதனையும்

ஏரியான் 501 என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் ஆகும். இது 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. 40 நொடிகளுக்குள், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. புவியின் காந்தக்கோளத்தை ஆராயச் சென்ற நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

எஞ்சினில் குறை இல்லை. குறை மென்பொருளில் இருந்தது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணித்துத் தலைமைக் கணினிக்குச் சொல்லும் வழிகாட்டும் கருவியின் மென்பொருள், பழைய ஏரியான் 4-இலிருந்து எடுத்தாளப்பட்டது. அதில் கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு 64 பிட் மதிப்பு, 16 பிட் முழு எண்ணாக மாற்றப்படும். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. படிக்குள் மரக்காலைக் கொட்டினால் என்ன ஆகும்? ஏரியான் 4-இன் பாதையில் அந்த எல்லை தாண்டப்படவில்லை. ஏரியான் 5-இன் கிடைமட்ட வேகமோ தொடக்கத்திலேயே பன்மடங்கு அதிகம். எண் அடங்காமல் கருவி நின்றது. மாற்றாக வைத்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள்தான். அது சற்று முன்பே நின்றுவிட்டிருந்தது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு, ராக்கெட் தரையில் நிற்கும்போது மட்டுமே தேவைப்படுவது.

நின்றுபோன கருவி அனுப்பிய பிழைக்குறிப்பைத் தலைமைக் கணினி பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்டு நாசில்களை முழுவதுமாகத் திருப்பியது. ராக்கெட் சாய்ந்து முறிந்தது. தன்னழிப்பு அமைப்பும் இயங்கியது.

சிமுலேஷன் எனப்படும் பாவனைச் சோதனை நடக்காமல் இல்லை. தலைமைக் கணினியை வைத்துப் பல பறப்புகள் தரையிலேயே ஒத்திகை பார்க்கப்பட்டன. ஆனால் உண்மையான வழிகாட்டும் கருவியை அதில் இணைக்காமல், அதுபோல எண்கள் தரும் ஒரு மென்பொருளை வைத்தார்கள். கருவி தனியே சோதித்துத் தேறியது என்பது ஒரு காரணம். கருவி 1 மில்லி நொடிக்கு ஒருமுறை இயங்க, சோதனைக்கூடத்தின் தாளம் 6 மில்லி நொடியாக இருந்தது இன்னொன்று. ஒத்திகையில் முக்கிய நடிகரே இல்லை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். கருவியைத் தனியே சோதித்தபோதும் ஏரியான் 5-இன் பாதையைக் கொடுக்கவில்லை.

கணிதவியலாளர் ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 1996 ஜூலை 19 அன்று அறிக்கை அளித்தது. விபத்துக்குப் பின், உண்மையான பறப்புப் பாதையை அந்த மென்பொருளுக்குக் கொடுத்துப் பாவனை செய்தபோது, அதே தோல்வி தரையிலேயே நிகழ்ந்தது. இயன்றவரை உண்மையான கருவிகளை இணைத்துச் சோதிக்குமாறு குழு பரிந்துரைத்தது.

ஏரியான் 5 மீண்டும் 1997 அக்டோபரில் பறந்தது. புதிதாகச் செய்யப்பட்ட கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் 2000-ஆம் ஆண்டில், ரஷ்யாவின் சோயூஸ் ராக்கெட்டுகளில் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டன.