திண்டுக்கல்லின் பெயர் தாங்கிய பாம்பு

திண்டுக்கல் என்றதும் நம் நினைவில் எழுவன மலைக்கோட்டையும், பூட்டும், பேகம்பூர்ப் பள்ளிவாசலும், தோல்மண்டிகளுமே. உலக விலங்கியல் நூல்களிலோ இவ்வூரின் பெயரை ஒரு சிறு பாம்பு தாங்கி நிற்கிறது. யூரோபெல்டிஸ் திண்டிகாலென்சிஸ் என்பது அதன் பெயர். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஹென்றி பெடோம், சிறுமலையில் வாழும் அதனை 1877-இல் அறிவுலகிற்கு அறிமுகம் செய்தார். நாமோ அதனைக் கண்டால் மண்புழு என்று ஒதுக்குகிறோம். அல்லது நச்சுப் பாம்பென்று அஞ்சி அடித்துக் கொல்கிறோம். இரண்டுமே பிழை. அவ்வாறாயின் ஓர் உயிரை எதைக்கொண்டு இன்ன இனமென்று அறிவது?

இது மிகப் பழைய கேள்வி. தொல்காப்பியத்தின் மரபியல், புலன்களை அளவுகோலாக்கி உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தது. திருமறையின் அந்நூர் அத்தியாயத்து 45-ஆம் வசனம், வயிற்றால் ஊர்வன, இரு காலால் நடப்பன, நாற்காலால் நடப்பன என உயிர்களின் இயக்கத்தைச் சிந்தனைக்கு வைக்கிறது. ஹிஜ்ரி 255-இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் அல்-ஜாஹிஸ், தம் ‘கிதாபுல் ஹயவா’னில் விலங்குகளை நடப்பன, பறப்பன, நீந்துவன, ஊர்வன என நான்காகப் பகுத்தார். எனினும் வண்டும் ஈயும் பறந்தாலும் அவை பறவை எனப்படுவதில்லை என்று அவரே சுட்டிக் காட்டினார். புறத்தோற்றமும் இயக்கமும் மட்டும் போதா என்பதை அவர் உணர்ந்திருந்தார் அன்றோ!

அப்பால், உடலின் உள்ளமைப்பை முதன்மையாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் கூவியே. 1817-இல் வெளியான தம் நூலில், நரம்பு மண்டலத்தின் அமைப்பைக் கருதி, முதுகெலும்புடையன, மெல்லுடலிகள், கண்டமுடையன, ஆரச்சமச்சீருடையன என நான்கு உடல் திட்டங்களை அவர் நிறுவினார். மண்புழுவின் நரம்பு வடம் வயிற்றுப் புறத்தே ஓடுகிறது. பாம்பினதோ முதுகெலும்பினுள் காக்கப்பட்டு முதுகுப்புறத்தே ஓடுகிறது. உருவில் ஒத்தவை திட்டத்தில் வேறாயின. யூரோபெல்டிஸ் என்னும் பேரினப் பெயரை 1829-இல் சூட்டியவரும் அவரே.

ஆயினும் கூவியேயின் தீர்ப்பும் முடிவானதன்று. நான்கு திட்டங்களுக்கிடையே பாலமே இல்லை என்றார் அவர். 1830-இல் பாரிஸ் கழகத்தில் ஜோஃப்ருவா செயின்ட்-ஹிலேர் அவரோடு வாதிட்டார். பூச்சியின் வயிற்றுப்புறம் முதுகெலும்பியின் முதுகுப்புறத்திற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. பல்லாண்டு நகைப்பிற்கிடமாயிருந்த அக்கருத்திற்கு 1990-களின் மரபணு ஆய்வுகள் ஆதரவு தந்தன. இன்று அறிஞர் விலங்குகளை முப்பதுக்கும் மேற்பட்ட பெருந்தொகுதிகளாகப் பகுக்கின்றனர்.

தோலைத் தடவித் தரம் சொல்வதில் வல்லவர் திண்டுக்கல் வணிகர். ஆனால் தோல் சொல்லாததை எலும்பு சொல்லும். கூர்ந்த தலையால் மண்ணைத் துளைத்து, கேடயம் போன்ற வாலுடன் மண்புழுவை உண்டு வாழும் அச்சிறு பாம்பிற்கு நஞ்சில்லை. அதன் இனத்தார் தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி வேறெங்கும் இல்லை. சிறுமலைத் தோட்டத்தில் மண்வெட்டி முனையில் அது நெளியுங்கால், ஓங்கிய கையை நாம் சற்றே நிறுத்துவோம். நம் பிள்ளைகளை அழைத்து, ‘இது நம் ஊரின் பெயர் தாங்கியது’ என்று காட்டுவோம்.