லட்சுமி வந்த வழி

மலாக்காவின் லூபோக் சீனாப் பக்கம் பழைய தோட்ட லயங்களில் சாமி மேடை என்றால் நடுவில் ஒரு லட்சுமி இருப்பாள். தாமரை மேல் நிற்பாள். பக்கத்தில் யானை, கீழே குளம். ஊதுபத்திப் புகையில் சட்டம் பழுப்பேறி, குங்குமம் வைத்து வைத்து நெற்றிக்கு நேரே கண்ணாடியே சிவந்திருக்கும்.

கிட்டப் போய்ப் பாருங்கள். கைகள் நான்கு, தோளும் கழுத்துமோ நாம் தினம் பார்க்கும் பெண்ணுடையவை. முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல். புடவை மடிப்பு உடம்போடு சேர்ந்து விழுகிறது. தஞ்சாவூர்ப் படத்தில் பொன் மின்னும். இப்படி எடையோடு நிற்கும் உடம்பு அங்கே அரிது.

ஆளை எதிரே நிறுத்திப் பார்த்துப் பார்த்து வரைவது ஐரோப்பியக் கலைக்கூடப் பயிற்சி. 1868இல் ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்து எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தபோது, பின்னாளில் இந்த லட்சுமியை வரைந்த இளைஞர் ரவி வர்மாவுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே வாய்த்தது. அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். ஆறுமுகம் பிள்ளையை நாம் மறந்தது பெரிய குறை.

1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். நிறத்துக்கு ஒரு அச்சுக்கல். ஒவ்வொரு கல்லாக ஒரே தாளில் பதித்து, மேலே வார்னிஷ் பூசுவார்கள். அரண்மனைச் சுவரில் இருந்த ஓவியம் கூலிக்காரர் வீட்டுக்கும் வந்தது. அவருடைய லட்சுமி 1896ஆம் ஆண்டு ஓவியம். அதே ஆண்டில்தான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் சீன வணிகர் டான் சாய் யான் ரப்பர் நட்டார். மரத்தைத் தேடி நம் ஆட்கள் வந்தார்கள். அவர்களைத் தேடி லட்சுமியும் கடல் தாண்டினாள்.

பிறகு சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு கோவில்பட்டியில் உட்கார்ந்து வரைந்தார். அவருடைய முருகனும் மீனாட்சியும் சிவகாசி நாட்காட்டிகளில் ஊர் ஊராகப் போனார்கள்.

இன்று லயங்கள் காலியாகின்றன. தாமான் வீட்டுக்குப் போகிறவர்கள் பழைய சாமிப் படங்களைக் கோயில் மரத்தடியில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு முன் சட்டத்தைக் கழற்றிப் படத்தின் அடி ஓரத்தைப் பாருங்கள். ரவி வர்மா அச்சகம் என்றோ கொண்டையராஜு என்றோ இருந்தால், தயவுசெய்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.