வீழ்ந்த முகவரியை மறப்பது எப்படி: டிஎன்எஸ் ஃபெயில்ஓவரின் வரலாறு

இணையத்தில் ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் அமைப்புக்கு டொமைன் பெயர் முறைமை, சுருக்கமாக டிஎன்எஸ், என்று பெயர். அம்முகவரியிலுள்ள கணினி செயலிழந்துவிட்டால், யாரும் கைவைக்காமலே அதே பெயருக்கு வேறொரு முகவரியை விடையாகத் தரும்படி பெயர் சர்வரை அமைத்து வைப்பது தானியங்கி ஃபெயில்ஓவர் எனப்படுகிறது. டிஎன்எஸ்ஸை வடிவமைத்தவர்கள் இந்த வேலைக்காக அதை உருவாக்கவில்லை. அவர்கள் உருவாக்கியது நிதானமாக மாறும் ஒரு பதிவேடு. ஒருமுறை பெற்ற விடையை நெடுநேரம் நினைவில் வைத்திருப்பதே அதன் பலம். ஃபெயில்ஓவருக்கு வேண்டியதோ அந்த நினைவு உடனே அழிவது. நாற்பதாண்டுக் காலம் நீண்ட இந்த இழுபறியே இத்தொழில்நுட்பத்தின் வரலாறு.

டிஎன்எஸ்ஸுக்கு முன்பு, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. மற்ற நிலையங்கள் அவ்வப்போது அதைப் படியெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகப் பெருகக் கோப்பும் பெருத்தது, படியெடுப்போரின் நெரிசலும் கூடியது. ஒரு முகவரி மாறினால் அச்செய்தி எல்லா நிலையங்களுக்கும் போய்ச் சேரச் சில நாட்கள்கூட ஆகும் என்பதால், பழுதான கணினிக்கு மாற்று அறிவிக்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் வெளியிட்ட இரண்டு ஆவணங்கள் இந்த ஒற்றைக் கோப்பைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களைத் தானே வைத்துக்கொள்ளும். கேட்பவர் சார்பில் விடை தேடித் திரிவதை ரிசால்வர் என்னும் இடைநிலை நிரல் கவனிக்கும். கிடைத்த விடையை எத்தனை விநாடி வைத்திருக்கலாம் என்பதை அவ்விடையுடன் வரும் டிடிஎல் என்ற எண் சொல்லும். 1987இல் வந்த திருத்திய பதிப்பு, டிடிஎல்லைச் சுழியமாக வைத்தால் விடை நினைவில் நிற்காது என்று ஒத்துக்கொண்டாலும், சாதாரணக் கணினிக்கு அது நாள் கணக்கில் இருப்பதே நடைமுறைக்கு உகந்தது என்று அறிவுறுத்தியது. மாற்றம் வருமென்று முன்கூட்டியே தெரிந்தால் டிடிஎல்லைக் குறைத்துவிட்டு, மாற்றம் முடிந்தபின் பழையபடி கூட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அதிலேயே உண்டு. ஆனால் பழுது சொல்லிக்கொண்டு வருவதில்லை.

மாற்று முகவரி என்ற கருத்தை இம்முறைமைக்குள் முதலில் ஒழுங்காகக் கொண்டுவந்தது மின்னஞ்சல்தான். 1986 ஜனவரியில் கிரேக் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆவணம் எம்எக்ஸ் என்னும் பதிவின் பயன்பாட்டை வரையறுத்தது. ஒரு நிறுவனத்துக்கு வரும் அஞ்சலை ஏற்கும் கணினிகள் அனைத்தும் அப்பதிவில் பட்டியலிடப்படும். ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமையைக் காட்டும் ஓர் எண் இருக்கும். ஒன்றுக்கு 10, மற்றொன்றுக்கு 20 என்றிருந்தால், அஞ்சல் அனுப்பும் கணினி முதலில் 10ஐத் தட்டும். கதவு திறக்காவிட்டால் 20க்குப் போகும். அதுவும் திறக்காவிட்டால் அஞ்சலை வரிசையில் போட்டுவைத்துப் பிறகு முயலும். இந்த ஏற்பாட்டில் பெயர் சர்வர் எதையும் கண்காணிக்க வேண்டியதில்லை. பழைய விடை நினைவில் கிடந்தாலும் கேடில்லை, ஏனெனில் மாற்று வழியும் அந்த விடையிலேயே அடங்கியிருக்கிறது. கதவு திறக்கிறதா என்பதை நேரில் அறியக்கூடியவர் தட்டுபவர் ஒருவரே என்பதால், முடிவை அவரிடமே விட்ட இந்த வடிவமைப்பு பின்னால் வந்த பல உத்திகளைவிட நேர்த்தியானது என்றே சொல்ல வேண்டும்.

இணையதளங்களுக்கு அந்த முன்னுரிமை எண் வாய்க்கவில்லை. 1993இல் மொசைக் உலாவியை வெளியிட்ட இலினாய்ப் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையம், தன் தளத்தில் குவிந்த கூட்டத்தை ஒரு கணினியால் தாங்க முடியாமற்போனபோது, ஒரே பெயருக்குப் பல முகவரிகளை வைத்து அவற்றைச் சுழற்றித் தரும்படி பெயர் சர்வரை மாற்றியமைத்தது. ரவுண்ட் ராபின் என்ற இம்முறை, பங்காளிகள் முறைவைத்து ஒரு கிணற்றில் நீர் இறைப்பதைப் போன்றது. முறைக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் அவருடைய முறை அவருக்கே போகும். மூன்று கணினிகளில் ஒன்று விழுந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் அந்த விழுந்த கணினியையே முதலில் காட்டும். சுமையைப் பகிர இது போதும். உயிருள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிய இதனால் இயலாது.

அந்தக் குறையைத் தீர்க்க 1995இல் இரண்டு முயற்சிகள் பதிவாயின. தாமஸ் பிரிஸ்கோ எழுதிய ஆவணம் ஏப்ரலில் வெளிவந்து, பெயர் சர்வரின் வழியே சுமையைப் பகிரும் முறைகளை விவரித்தது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ரோலண்ட் ஷீமர்ஸ், பெர்ல் மொழியில் எழுதிய எல்பிநேம்டு என்ற பெயர் சர்வரை அறிமுகப்படுத்தினார். அது ஒவ்வொரு கணினியையும் அவ்வப்போது விசாரித்து, பதில் சொல்லாததைப் பட்டியலிலிருந்து நீக்கி, சுமை குறைந்ததன் முகவரியைச் சுழிய டிடிஎல்லுடன் தந்தது. இன்றைய ஃபெயில்ஓவர் அமைப்புகளின் அச்சு அங்கேயே வார்க்கப்பட்டுவிட்டது. 1997இல் வரையறுக்கப்பட்ட டைனமிக் அப்டேட், ஓடிக்கொண்டிருக்கும் பெயர் சர்வரில் ஒரு பதிவை வெளியிலிருந்து மாற்ற வழிசெய்ததால், சோதனை செய்யும் நிரலைத் தனியே எழுதி அதை பைண்ட் என்னும் சாதாரணப் பெயர் சர்வர் மென்பொருளுடன் இணைப்பதும் கைகூடியது.

கணக்கு எளியது. 30 விநாடிக்கு ஒருமுறை சோதனை, தொடர்ந்து மூன்று தோல்விக்குப் பின்பே வீழ்ந்ததாக முடிவு, டிடிஎல் 60 விநாடி என்றால், பழுது நேர்ந்ததிலிருந்து ஏறத்தாழ 150 விநாடிக்குள் எல்லாரும் புதிய முகவரிக்கு வந்துவிட வேண்டும். நடைமுறை அப்படி அமையவில்லை. 1996இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள், பொய்யான டிஎன்எஸ் விடைகளைத் தந்து, உலாவிக்குள் ஓடும் ஜாவா மொழிக் குறுநிரல்களின் பாதுகாப்பு வேலியைத் தாண்ட முடியும் என்று காட்டினார்கள். அதன் விளைவாக, முதலில் கிடைத்த முகவரியையே பிடித்துக்கொள்ளும் பழக்கம் மென்பொருள்களில் வேரூன்றியது. ஜாவாவின் பழைய பதிப்புகள், ஒருமுறை பெற்ற முகவரியை நிரல் ஓடி முடியும்வரை விடாமல் வைத்திருந்தன. பாதுகாப்புக்காகச் செய்த அந்த ஏற்பாடு, டிடிஎல்லை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லாத நிலையை உண்டாக்கியது.

பெயர் சர்வரே வீழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஜனவரி சான்று. மைக்ரோசாஃப்டின் ரூட்டர்களில் செய்த ஒரு மாற்றம் அதன் பெயர் சர்வர்களை வெளியுலகிலிருந்து துண்டித்தது. நான்கு சர்வர்களும் ஒரே வலையமைப்பின் பின்னால் இருந்ததால், தளங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் பலருக்கு எட்டவில்லை. பெயர் சர்வர்களை ஒரே இடத்தில் குவிக்கலாகாது என்ற அறிவுரை 1997இலேயே ஆவணமாகியிருந்தது.

ஃபெயில்ஓவர் வசதியை வாடகைக்கு விடும் காலம் அதன்பின் வந்தது. 2010இல் தொடங்கிய அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53, 2013இல் ஃபெயில்ஓவரைச் சேர்த்தது. பெயரிலுள்ள 53, டிஎன்எஸ் இயங்கும் போர்ட்டின் எண். சொந்தமாகச் சர்வர் நடத்துவோருக்கு 2019இல் பவர்டிஎன்எஸ் என்னும் பெயர் சர்வர் மென்பொருளின் 4.2 பதிப்பு கொண்டுவந்த, லுவா நிரல்மொழியில் எழுதும் பதிவு, முழு ஏற்பாட்டையும் ஒரு வரியில் அடக்கியது: இஃப்போர்ட்அப் என்ற கட்டளைக்குள் 443 என்ற போர்ட் எண்ணையும் இரண்டு முகவரிகளையும் எழுதிவிட்டால், பெயர் சர்வர் தானே அவற்றைப் பின்னணியில் சோதித்து, திறந்திருப்பதைத் தருகிறது. இரண்டும் வீழ்ந்ததாகத் தெரிந்தாலும் அது வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அவற்றிலேயே ஒன்றை எடுத்துத் தருகிறது. பழுது தளத்தில் இல்லாமல் சோதிப்பவரின் இணைப்பிலேயே இருக்கக்கூடும் என்பதால் இது புத்தியுள்ள ஏற்பாடு. ஒவ்வொரு பெயர் சர்வரும் தான் நிற்கும் இடத்திலிருந்தே சோதிப்பதால், இரண்டு சர்வர்கள் ஒரே நொடியில் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு.

இதற்கிடையே, தட்டுபவரிடமே முடிவை விடும் பழைய வழியும் மறைந்துவிடவில்லை. எம்எக்ஸின் முன்னுரிமை எண்ணை எல்லாச் சேவைகளுக்கும் விரித்த எஸ்ஆர்வி பதிவு 1996இல் வந்தது; இணைய உலாவிகள் அதை ஏற்கவில்லை. கூடுதல் கேள்விகளால் பக்கம் திறக்கத் தாமதமாகும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். பல முகவரிகளைச் சிறு இடைவெளியில் அடுத்தடுத்து முயன்று, முதலில் திறப்பதைப் பிடித்துக்கொள்ளும் ஹாப்பி ஐபால்ஸ் முறை 2012இல் ஆவணமாகி, உலாவிகளில் பரவியது. மின்னஞ்சலுக்கு 1986இல் கிடைத்த அந்த முன்னுரிமை எண், இணையதளங்களுக்கென்றே அமைந்த ஹெச்டிடிபிஎஸ் பதிவின் வரையறையில் 2023 நவம்பரில் வெளிவந்தது.