கொழுப்பை அளக்காத தராசு

உடலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும் வீட்டு எடை மெஷின் கொழுப்பை அளப்பதில்லை. இதை முதலிலேயே கறாராகச் சொல்லிவிட வேண்டும். வெறுங்காலுடன் ஏறி நிற்பவரின் ஒரு பாதத்திலிருந்து மறுபாதத்துக்கு மெல்லிய மின்சாரம் போகிறது. நீர் நிறைந்த தசை வழிவிடுகிறது, கொழுப்பு தடுக்கிறது. மெஷின் தானாக அறிவது எடையையும் இந்தத் தடையையும் மட்டும்தான். மிச்சத்தை நம்மிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது: வயசென்ன, உயரமென்ன, ஆணா பெண்ணா? விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறது. இந்த விசாரணைக்கு ஒரு வரலாறு உண்டு.

பெல்ஜியத்தின் அடால்ப் கெத்தலே ஒரு வானியலாளர். நட்சத்திரங்களை அளக்கும்போது நேரும் பிழைகளுக்கான கணக்கை மனிதர்கள்மீது பிரயோகித்தவர். 1835இல் வெளியான நூலில் 'சராசரி மனிதன்' என்ற புனைவை முன்வைத்தார். யாருடையதுமல்லாத அந்த உடல் எல்லா உடல்களுக்கும் அளவுகோலாயிற்று. பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் உயரத்தையும் எடையையும் அட்டவணை போட்டு ஆயுசைக் கணக்குப் பார்த்தன.

1942இல் அந்த அட்டவணையில் ஒரு கீறல் விழுந்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் வெல்ஹாமும் அமெரிக்கக் கால்பந்தாட்டத் தொழில்முறை வீரர்கள் 25 பேரை ஆராய்ந்தார்கள். அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்கே லாயக்கற்ற குண்டர்கள்! தண்ணீருக்குள் மூழ்கவைத்து எடைபோட்டுப் பார்த்தபோது அவர்களது உடலின் அடர்த்தி அதிகமாக இருந்தது. கனத்துக்குக் காரணம் தசை. எடை வேறு, கொழுப்பு வேறு என்பது நிரூபணமாயிற்று.

இதை உடலின் விடுதலை என்று வாசிக்கலாம்தான். ஆனால் நெறியிலிருந்து விலகியவனையும் இன்னும் நுணுக்கமான நெறியொன்றுக்குள் கொண்டுவருவதே நவீன அதிகாரத்தின் இயல்பு என்பதை ஃபூக்கோ காட்டியிருக்கிறார். இங்கேயும் அதுதான் நடந்தது. 1961இல் அச்சான வில்லியம் சிரியின் சூத்திரம், கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றதன் அடர்த்தி 1.1 என்று எல்லோருக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டது. எலும்பும் தசையும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது அதன் கணக்கில் இல்லை. சராசரி மனிதன் தோலிலிருந்து இறங்கித் தசைக்குள் குடியேறிவிட்டான்.

1992இல் ஜப்பானின் டானிட்டா நிறுவனம், ஏறி நின்றாலே கொழுப்பைச் சொல்லும் தராசை வெளியிட்டது. 1994இல் அது வீட்டுக்குள் வந்தது. ஆய்வுக்கூடமும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம். கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே ஆள். மெஷின் காட்டும் எண், முன்பு ஆய்வுக்கூடங்களில் அளக்கப்பட்ட வேறு பலரது உடல்களிலிருந்து வந்த மதிப்பீடு. உடம்பில் நீரின் அளவு மாறினால் அதுவும் மாறும். காலையில் ஒன்று, ராத்திரி வேறொன்று.

இது வெறும் தத்துவச் சர்ச்சை அல்ல. 2004இல் லான்செட் இதழில் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் உடல்களையே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. மெலிந்த கைகால், உள்ளே சேர்ந்த கொழுப்பு, சர்க்கரை வியாதி என்பது தெற்காசிய உடல்களில் பரவலாகக் காணப்படுவது. பாதத்திலிருந்து பாதத்துக்குப் போகும் மின்சாரம் பெரும்பாலும் கால்களைப் பற்றித்தான் சொல்கிறது. நமக்கு ஆபத்து இருப்பது வயிற்றில்.

ஆக, மெஷினைத் தூக்கி வெளியே போட வேண்டியதில்லை. ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், மாதக்கணக்கில் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஓரளவு சொல்லும். ஆனால் ஒற்றை எண்ணைக் கண்டு குற்றவுணர்வோ நிம்மதியோ கொள்ளுமுன், அதன் சூத்திரத்துக்குள் யாருடைய உடல்கள் இருக்கின்றன என்று கேட்டாக வேண்டும். இடுப்பைச் சுற்றி அளக்க ஒரு தையல் டேப் போதும். அது நம் வயசைக் கேட்பதில்லை.